கல்லும் வேண்டும், கிணறும் வேண்டும்!

சேலத்தில் இருந்து அரூர் போகும் பஸ் மஞ்சவாடி கணவாயைத் தாண்டியதும் காற்றே மாறிவிடும். ஒரு பக்கம் சேர்வராயன் மலை. மறு பக்கம் சித்தேரி மலை. நடுவே மஞ்சள் வயல், மரவள்ளிக் காடு, தென்னந்தோப்பு. இதுதான் தர்மபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரம்.

இந்த வட்டாரத்துக்கு உயிர் கொடுப்பது வாணியாறு. சேர்வராயன் மலையில் பிறக்கிறது. அடிவாரத்தில் 65 அடி அணையில் தேங்குகிறது. வயல்களை நனைத்துவிட்டு, அரூர் பக்கம் போய்த் தென்பெண்ணையில் கலக்கிறது. மலையில் மழை பெய்தால் அணை நிரம்பும். அணை நிரம்பினால் கிணறு ஊறும்.

இங்குள்ள பாறைகள் இன்னொரு வகையிலும் சோறு போடுகின்றன. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக் கருங்கல்லுக்கு வெளிநாடுகளிலும் மதிப்பு உண்டு. மெருகு ஏற்றினால் கண்ணாடி போல முகம் தெரியும். கல் எடுத்து விற்க, "டாமின்" என்ற தமிழ்நாடு கனிம நிறுவனத்தை மாநில அரசு 1978-ல் தொடங்கியது. தனியார் குவாரிகளும் பல. வீடு கட்டவும் ரோடு போடவும் ஜல்லி இல்லாமல் முடியுமா?

ஒரே வீட்டில் இரண்டு கவலை

குவாரி உள்ள ஊரில் ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். கணவர் பாறையில் துளை போடும் தொழிலாளி. மனைவி அரை ஏக்கரில் மஞ்சள் நட்டிருக்கிறார்.

"குவாரி நின்றால் அரிசிக்கு எங்கே போவது?" என்பது கணவர் கவலை.

"கிணறு வற்றினால் மஞ்சள் என்ன ஆவது?" என்பது மனைவி கவலை.

இரண்டும் நியாயமான கவலைதான். குவாரியை மூடு என்று சொல்வது எளிது. மூடினால் அந்தக் குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு பெங்களூருக்கோ திருப்பூருக்கோ போக வேண்டும். எப்படியாவது வெட்டு என்று சொல்வதும் எளிது. வெட்டினால் தண்ணீர் போகும். தண்ணீர் போனாலும் அதே மூட்டைதான்!

குழி குடிக்கும் தண்ணீர்

பாறை நிலத்தில் தண்ணீர் எங்கே இருக்கிறது? பாறையின் வெடிப்புகளில் இருக்கிறது. கிணற்றை விட ஆழமாகக் குவாரிக் குழி இறங்கினால், அந்த நீர் குழியில் கசியும். வேலை நடக்க வேண்டுமே! மோட்டார் வைத்து அதை இறைத்து வெளியே விடுவார்கள். பக்கத்துக் கிணற்றில் நீர்மட்டம் இறங்கும்.

அடுத்தது தூசி. ஜல்லி உடைக்கும் இடத்தில் கிளம்பும் தூசி இலையில் படிந்தால் பயிர் வாடும். நெஞ்சில் படிந்தால் மனிதன் வாடுவான். பல ஆண்டுகள் கல் தூசியைச் சுவாசித்தால் "சிலிகோசிஸ்" என்ற நுரையீரல் நோய் வரும். அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. வராமல் தடுக்கத்தான் முடியும். வழி கடினமானது அல்ல. துளை போடும்போது தண்ணீர் விட்டுக்கொண்டே போட வேண்டும். நல்ல முகமூடி வேண்டும்.

மூன்றாவது, கைவிட்ட குழி. மழை நீர் நிரம்பிக் குளம் போலத் தெரியும். ஆனால் குளத்துக்கு உள்ள படிக்கட்டும் சரிவும் அதற்குக் கிடையாது. குளிக்க இறங்கும் பிள்ளைகளுக்கு எமன் அதுதான்.

மலை சொன்ன பாடம்

வாணியாறு பிறக்கும் அதே சேர்வராயன் மலையில், ஏற்காடு பக்கத்தில், ஒரு காலத்தில் பாக்சைட் வெட்டினார்கள். அலுமினியம் செய்ய உதவும் தாது அது. கொல்லி மலையிலும் எடுத்தார்கள். எல்லாம் மேட்டூர் "மால்கோ" ஆலைக்குப் போயிற்று. 2008-ல் மேட்டூர் உற்பத்தி நின்றது.

சுரங்க வேலை என்றைக்காவது முடிந்தே தீரும். மலையும் ஊரும் அப்புறமும் அங்கேயேதான் இருக்கும். ஆகவே முடிந்த பிறகு என்ன செய்வது என்பதைத் தொடங்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும்.

அரசுக்கும் தர்மசங்கடம்

பிழைப்பா, காடா என்ற கேள்வி அரசையும் ஆட்டி வைத்தது. சரணாலயம், காப்புக் காடு போன்றவற்றில் இருந்து 1 கிலோ மீட்டருக்குள் குவாரி கூடாது என்று 2021 நவம்பரில் தமிழக அரசு விதி செய்தது. குவாரிகள் நின்றன, வேலையும் வருமானமும் போயின என்று முறையீடு எழுந்தது. 2022 டிசம்பரில் காப்புக் காடுகள் அந்தத் தடையில் இருந்து நீக்கப்பட்டன. இயற்கை ஆர்வலர்கள் எதிர்த்தார்கள். சுற்றிலும் காப்புக் காடுகள் உள்ள பாப்பிரெட்டிப்பட்டிக்கு இது தூரத்துச் செய்தி அல்ல.

சட்டத்தில் என்ன இருக்கிறது?

குடியிருப்பில் இருந்து 300 மீட்டருக்குள் கல் குவாரிக்குக் குத்தகை தரக்கூடாது என்று தமிழ்நாடு சிறு கனிம விதி சொல்கிறது. 5 எக்டேருக்குக் குறைந்த குவாரியானாலும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று 2012 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

பணத்துக்கும் வழி உண்டு. 2015-ம் ஆண்டுச் சட்டப்படி மாவட்டம்தோறும் கனிம அறக்கட்டளை அமைக்கப்படுகிறது. கனிமம் எடுப்பவர் அரசுக்குக் கட்டும் ராயல்டியோடு, அறக்கட்டளைக்கும் ஒரு பங்கு கட்ட வேண்டும். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களின் குடிநீர், மருத்துவம், கல்வி, சுற்றுச்சூழல் இவற்றுக்கு அந்தப் பணத்தில் முதலிடம். கல் போன பிறகு ஊருக்கு மிஞ்ச வேண்டிய சொத்து இதுதான்.

வாய் திறந்தால் வழி பிறக்கும்

ஒடிசாவில் நியம்கிரி என்று ஒரு மலை. அங்கே பாக்சைட் வெட்டலாமா என்று கிராம சபைகளையே கேட்கும்படி 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் "வேண்டாம்" என்றன. அது ஆதிவாசிகளின் வன உரிமைச் சட்டப்படி நடந்தது. எல்லாக் குவாரிக்கும் அது பொருந்தாது. ஆனால் கேள்வி கேட்கும் உரிமை எல்லா ஊருக்கும் உண்டு.

கிராம சபை கூடும்போது நாலு கேள்வி கேட்கலாம். குழி எவ்வளவு ஆழம் போகும்? இறைக்கும் தண்ணீரை ஏரியில் விடுவார்களா? வேலை முடிந்தால் வேலி போட்டு மரம் வைப்பது யார்? அறக்கட்டளைப் பணத்தில் நம் ஊருக்கு என்ன வந்தது? கணவன், மனைவி இருவரும் சேர்ந்தே போய்க் கேட்க வேண்டும்.

குவாரிக்குப் போனவர் கூலியோடு வீடு திரும்ப வேண்டும். இருமாமல் திரும்ப வேண்டும். வந்து கை கால் கழுவ, வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இருக்க வேண்டும்.