அடையாற்றைக் காக்கும் வீட்டுப் பழக்கங்கள்

அடையாறு என்பது தாம்பரத்துக்குத் தென்மேற்கே உள்ள ஆதனூர் ஏரிப் பகுதியில் தோன்றி, முடிச்சூர், அனகாபுத்தூர், சைதாப்பேட்டை வழியாக ஏறத்தாழ 42 கி.மீ. ஓடி வங்கக் கடலில் கலக்கும் ஆறு ஆகும். திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் இதனுடன் சேர்கிறது. இவ்வாற்றை மாசுபடுத்துவதில் வீட்டுக் கழிவுநீருக்குப் பெரும் பங்கு உண்டு.

நீர் செல்லும் வழி

மழைநீர் வடிகாலும் பாதாளச் சாக்கடையும் ஒன்றல்ல. பாதாளச் சாக்கடை நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செல்லும். மழைநீர் வடிகாலில் விழுவது அப்படியே ஏரிக்கோ ஆற்றுக்கோ போய்ச் சேரும். மேற்குத் தாம்பரம், பெருங்களத்தூர் பகுதிகளின் நீர் அடையாற்றை நோக்கிச் செல்கிறது. கிழக்கே செம்பாக்கம் ஏரியின் உபரிநீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை அடைகிறது. அந்நிலம் 2022இல் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது.

அடைப்பும் வெள்ளமும்

2015 டிசம்பர் 1 அன்று தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் சுமார் 49 செ.மீ. மழை பதிவானது. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகள் மூழ்கின. அத்தகைய பெருமழைக்குக் குப்பை மட்டுமே காரணம் என்று கூற இயலாது. ஆனால் சாதாரண மழைக்கே தெரு நிரம்புகிறதென்றால், அடைபட்ட வடிகால் அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. செப்டிக் டேங்க்: இதுவே முதன்மையானது. தொட்டியில் கசடு நிரம்பினால் மலக்கிருமிகள் கலந்த நீர் வெளியேறும். 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை கழிவுநீர் லாரி மூலம் கசடை அகற்ற வேண்டும். லாரி அதனைச் சுத்திகரிப்பு நிலையத்தில்தான் கொட்டுகிறதா என்று கேட்டறிவது நல்லது. பாதுகாப்புக் கருவிகளின்றி ஆளை உள்ளே இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தொட்டியின் குழாயை மழைநீர் வடிகாலில் இணைக்கக் கூடாது.

2. சமையல் எண்ணெய்: பொரித்து மீந்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றினால், அது குழாயின் உட்சுவரில் படிந்து மண்ணையும் உணவுத் துணுக்குகளையும் பிடித்துக்கொள்ளும். சட்டியைத் தாளால் துடைத்த பின் கழுவலாம்.

3. சலவைத்தூள்: சில தூள்களில் உள்ள பாசுபேட்டு, நீர்நிலைகளில் பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் உரமாகிறது. அவை மட்கும்போது நீரிலுள்ள ஆக்சிசன் குறைந்து மீன்கள் இறக்கின்றன. தேவையான அளவு மட்டும் பயன்படுத்த வேண்டும்.

4. குப்பை: 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு எனப் பிரிக்கக் கூறின. காலாவதியான மாத்திரைகள், பெயின்ட், பேட்டரி ஆகியன அவற்றில் மூன்றாம் வகையாக இருந்தன. இவற்றைக் கழிப்பறையிலோ வடிகாலிலோ போடக் கூடாது.

5. மழைநீர் சேகரிப்பு: தமிழ்நாட்டில் இது 2003 முதல் கட்டாயம். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரிலேயே மொட்டைமாடியையும் வடிகட்டும் குழியையும் தூய்மை செய்ய வேண்டும். நிலத்தில் இறங்கும் நீர் கிணற்றுக்குப் பயன்படும். தெருவில் ஓடும் நீரும் குறையும்.

வீட்டின் எல்லைக்கு அப்பால்

பாதாளச் சாக்கடை இல்லாத தெருவில் தனி வீட்டினரின் முயற்சி ஓரளவே பயன்தரும். 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சியிடம் தெருவினர் சேர்ந்து மனு அளித்து இணைப்பைக் கேட்டுப் பெறலாம். இணைப்பு கிடைக்கும்வரை, இடமுள்ள வீடுகள் குளியல் நீரையும் பாத்திரம் கழுவிய நீரையும் வாழை, கல்வாழைச் செடிகளுக்குப் பாய்ச்சலாம்.