துணியில் கோந்து பட்டால் என்ன செய்வது?



குடும்ப நலப் பிரசுரத்தில் கோந்துக் கறைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

ஒரு கிராமத்தில் கூட்டம் முடிந்து கிளம்பும் நேரம். பக்கத்து வீட்டுத் திண்ணையில் அறுந்த செருப்பை ஒட்டிக்கொண்டிருந்தவர், சின்னக் குப்பியில் விற்கிற ஒரு சொட்டுப் பசையை மடியில் கவிழ்த்துவிட்டார். பருத்தி வேட்டி. "ஐயோ சுடுதே!" என்று துள்ளினார். சம்சாரம் ஓடிவந்து பழந்துணியால் அழுத்தித் துடைத்தார். எரிச்சல் இன்னும் கூடிற்று. தொடையில் கொப்புளம். அடுப்பும் இல்லை, நெருப்பும் இல்லை. தீக்காயம் மட்டும் வந்துவிட்டது!

இது எப்படி? மற்ற கோந்துகள் காய்ந்து இறுகும். இந்தப் பசை ஈரத்தைக் கண்டால் இறுகும். பருத்தி நூலில் எப்போதும் கொஞ்சம் ஈரம் உண்டு. பசை நூலுக்கு நூல் பரவி, எல்லாம் ஒரே சமயத்தில் இறுகும்போது சூடு கிளம்புகிறது. சில சமயம் புகைகூட வரும். துடைக்கப் போன துணியும் பருத்திதானே? அதனால்தான் எரிச்சல் கூடியது.

ஆகவே இந்தப் பசை உடுத்திய துணியில் கொட்டினால், துடைக்காதீர்கள். துணியை உடம்பை விட்டுத் தூக்கிப் பிடித்து, செம்பு செம்பாகப் பச்சைத் தண்ணீர் ஊற்றுங்கள். துணி தோலோடு ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம். சூடு தணிந்த பிறகு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவிட்டு மெள்ள விலக்கினால் வரும். கொப்புளம் கண்டால் 20 நிமிடம் தண்ணீர் ஓடவிட்டு, சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். பேனா மை, பற்பசை, நெய் எதுவும் பூசாதீர்கள். கண்ணில் பட்டு இமை ஒட்டிக்கொண்டால் வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவி, இழுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சரி, அந்தக் கறை? இறுகிப்போன பிறகு தண்ணீருக்கு அது மசியாது. நகப்பூச்சு அழிக்கிற அசிட்டோன் திரவம்தான் கரைக்கும். முதலில் துணியின் மடிப்பு ஓரத்தில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். சாயம் போனாலோ, துணி இளகினாலோ விட்டுவிடுங்கள். செயற்கைப் பட்டில் சில வகை அப்படியே கரைந்துபோகும். ஜிகினா ஒட்டிய சேலைக்கும் ஆகாது. அசிட்டோன் சீக்கிரம் தீப்பிடிக்கும், ஆகையால் வெளித் திண்ணையில் வைத்துச் செய்யுங்கள். பழைய வேட்டியாக இருந்தால் இவ்வளவு பாடு எதற்கு என்பது என் அபிப்பிராயம்.

மற்றக் கோந்துகள் இவ்வளவு பொல்லாதவை அல்ல. பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து சட்டையில் பூசிவருகிற வெள்ளைக் கோந்து, ஈரமாக இருந்தால் பச்சைத் தண்ணீரிலேயே போய்விடும். காய்ந்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, கரண்டிக் காம்பால் சுரண்டி, சோப்புப் போடுங்கள். போஸ்டர் ஒட்டுகிற மைதாப் பசைக்கும் இதே வைத்தியம்தான்.

"எவ்வளவு தேய்ச்சாலும் பிசுபிசுப்பு போவலையே" என்று பெண்கள் சொல்வது ஸ்டிக்கர் பொட்டுக் கோந்தையும், காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரிக் கோந்தையும்தான். தண்ணீரில் தேய்த்தால் போகாது. எண்ணெய் வேண்டும். தேங்காய் எண்ணெயைத் தடவிக் கால்மணி நேரம் விட்டு, விரலால் உருட்டி எடுங்கள். பிறகு எண்ணெய்க் கறை போகச் சோப்புத்தூளும் சுடுதண்ணீரும். பலாப்பழம் அறுக்குமுன் கையில் எண்ணெய் தடவிக்கொள்கிறோமே, அதே நியாயம். பலாப்பால் சேலையில் பட்டாலும் இப்படியே செய்யலாம்.

சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் பட்டால் ஆண்கள் செய்கிற காரியம் ஒன்று உண்டு. வண்டியிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் பிடித்து, வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து துடைப்பார்கள். இது கூடவே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தரையாய் ஊர்ந்து அடுப்பு வரைக்கும் போகும். நாலு எட்டு தள்ளி இருக்கிறோம் என்ற நினைப்பு உதவாது. அந்தச் சொல்யூஷன் காயட்டும். கட்டைவிரலால் தேய்த்தால் உருண்டு உருண்டு வரும். மிச்சத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். அதற்கும் போகாவிட்டால் வெட்டவெளியில், பீடி இல்லாமல், கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கலாம். துணியைச் சோப்புப் போட்டு அலசி, வாடை போகும்வரை வெயிலில் உலர்த்திய பிறகே அடுப்பங்கரைப் பக்கம் கொண்டுவர வேண்டும்.

மிச்ச மண்ணெண்ணெயை எங்கே வைக்கிறீர்கள்? கலர் பாட்டிலிலா? தவழ்கிற பிள்ளைக்கு அது கலராகத்தான் தெரியும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், பால், எண்ணெய் எதையும் புகட்டாதீர்கள். வயிற்றுக்குள் போனதைவிட, வாந்தியில் மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்குவதுதான் உயிருக்கு ஆபத்து. உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். பாட்டிலையும் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று. கோந்தைப் பூசிக்கொண்டு வருவது பெரும்பாலும் ஆம்பிளைகள், தேய்ப்பது பொம்பளைகள். அண்ணன்மார்களே, செருப்பு ஒட்டும்போது வேட்டியை ஒதுக்கி, மடியில் பழைய சாக்கையோ துணியையோ போடாமல் பலகையின் மேல் வைத்து வேலை பாருங்கள். பட்டுவிட்டால் காயுமுன்னே அலசுகிற வேலையை நீங்களே செய்யலாம். எந்தக் கோந்து என்று உங்களுக்குத்தானே தெரியும்? கறை முழுக்கப் போகும்வரை மட்டும் அந்தத் துணிக்கு இஸ்திரி போட வேண்டாம்.