இங்கிலாந்துக்கு வரும் ஆர்க்டிக் அன்னங்கள் குறைவது ஏன்?

நவம்பர் பிறந்தால் இங்கிலாந்தின் செவர்ன் கழிமுகத்தில் பறவை ஆர்வலர்கள் வானத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அவர்கள் எதிர்பார்ப்பது, ரஷ்யாவின் ஆர்க்டிக் பகுதியிலிருந்து சுமார் 3,500 கி.மீ. பறந்து வரும் பியூவிக் அன்னங்களை. ஆனா, அந்தக் கூட்டம் வருஷத்துக்கு வருஷம் சுருங்கிட்டே வருது. இவை அழிகின்றனவா, இல்லை வேறு இடத்துக்குப் போய்விட்டனவா? ரெண்டுமே நடக்கிறது என்பதுதான் சிக்கல்.

யார் இந்த விருந்தாளி?

ஐரோப்பாவில் காணப்படும் அன்னங்களிலேயே சிறியது இது. கோடையில் ரஷ்யாவின் தூந்திரப் பகுதியில் கூடு கட்டி, குஞ்சு பொரிக்கும். செப்டம்பரில் குளிர் இறங்கியதும் அங்கிருந்து கிளம்பும். வெண்கடல், எஸ்டோனியா, ஜெர்மனி, நெதர்லாந்து என்று இடையிடையே இறங்கி, சாப்பிட்டு, ஓய்வெடுத்து வரும். பிப்ரவரி, மார்ச்சில் மீண்டும் வடக்கே பயணம். சாம்பல் நிறக் குஞ்சுகள் முதல் பயணத்தில் அப்பா, அம்மாவுடனேயே பறக்கும்.

இது அதே அன்னம்தான்னு எப்படித் தெரியும்?

இதன் அலகில் கறுப்பும் மஞ்சளும் கலந்திருக்கும். அந்த வடிவம் நம்ம கைரேகை மாதிரி, ஒவ்வொரு பறவைக்கும் வேறு. செவர்ன் கரையில் உள்ள ஸ்லிம்பிரிட்ஜில் இயற்கை ஆர்வலர் பீட்டர் ஸ்காட் 1964-ல் இதைக் கவனித்து, அலகுகளை வரைந்து பெயர் வைக்க ஆரம்பித்தார். அந்தப் பதிவு இன்றும் தொடர்கிறது. காலில் வளையம் மாட்டியும் பறவைகளைப் பின்தொடர்கிறார்கள்.

பாதி வழியிலேயே நிற்பது ஏன்?

1970 முதல் 2017 வரையிலான இத்தகைய பதிவுகளை ஆய்வாளர்கள் அலசினார்கள். 2020-ல் வெளியான முடிவு இது: அன்னங்கள் குளிர்காலத்தைக் கழிக்கும் பகுதி வருஷத்துக்கு சுமார் 13 கி.மீ. கிழக்கே நகர்ந்திருக்கிறது. பயணத் தூரம் சராசரியாக 353 கி.மீ. குறைந்துவிட்டது. குளிர்கால இடங்களில் தங்கும் நாட்களும் 1989-லிருந்து சுமார் 38 குறைந்திருக்கின்றன.

வெப்பநிலை இதில் ஒரு காரணமாக இருக்கலாம். குளிர்காலத்தில் இவை பெரும்பாலும் சுமார் 5.5 டிகிரி செல்சியஸ் நிலவும் இடங்களில்தான் இருக்கின்றன. பூமி சூடாக ஆக, அந்த இடங்களும் கிழக்கே நகர்ந்துவிட்டன. வழியிலேயே வசதியா இருக்கும்போது, கடலைத் தாண்டி இங்கிலாந்து வரை எதுக்குப் பறக்கணும்?

அப்போ கவலையே இல்லையா?

இருக்கு. ஓர் ஊரில் மட்டும் எண்ணினால் இடமாற்றத்தையும் இழப்பையும் பிரித்துப் பார்க்க முடியாது. அதனால்தான் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஜனவரியில், பல நாடுகளில் ஒரே நேரத்தில் கணக்கெடுக்கிறார்கள். வடமேற்கு ஐரோப்பாவில் 1995-ல் சுமார் 29,000 இருந்தது. 2010-ல் 18,000. 2015-ல் சுமார் 20,000 ஆகக் கொஞ்சம் ஏறி, 2020-ல் சுமார் 13,000-க்கு விழுந்தது. கால் நூற்றாண்டில் பாதிக்கும் மேல் காணோம். 'கிழக்கே போயிடுச்சு' என்ற பதில் மட்டும் இதற்குப் போதாது.

வழியில் ஆபத்துகள் நிறைய. மின்கம்பிகளில் மோதி இறக்கின்றன. வேட்டைக்காரர்கள் சுட்டுச் சிதறிய ஈயக் குண்டுகளைச் சிறு கற்களோடு சேர்த்து விழுங்கினால் உடம்பில் விஷம் ஏறும். இந்த அன்னத்தைச் சுடுவது சட்டப்படி குற்றம். ஆனாலும் 2000-களில் உயிரோடு பிடித்து எக்ஸ்-ரே எடுத்தவற்றில் ஐந்தில் ஒன்றுக்கும் மேற்பட்டவற்றின் உடலில் குண்டு இருந்தது.

இனி என்ன செய்யணும்?

சரணாலயத்தின் எல்லை வரைபடத்தில் அப்படியே இருக்கும். பறவை நகர்ந்துகொண்டே இருக்கும். ஸ்லிம்பிரிட்ஜை மட்டும் காப்பாற்றினால் போதாது. அன்னங்கள் இப்போது தங்கும் கிழக்குப் பகுதி வயல்களுக்கும் ஏரிகளுக்கும் அதே பாதுகாப்பு வேண்டும். பறக்கும் பாதை முழுக்க மின்கம்பிகளில் பறவைக்குத் தெரியும்படி அடையாளம் மாட்ட வேண்டும். ஈயக் குண்டுகளைக் கைவிட வேண்டும். இடம் மாறும் வேலையை அன்னங்களே பார்த்துக்கொள்கின்றன. கம்பியையும் குண்டையும் அகற்றுவது மட்டும் மனிதர்கள் கையில்.