மைனஸ் முனையில் ஒரு கணக்குப்பிள்ளை

மயிலாப்பூரிலிருந்து பாண்டி பஜார் சில கிலோமீட்டர்தான். அதற்குள் எத்தனை சிக்னல்! சிவப்பு விழுந்ததும் தானாக அணைந்து, கிளட்சை மிதித்ததும் உயிர்பெறும் கார், ஒருநாள் அணைவதையே நிறுத்திக்கொள்ளும். பானெட்டைத் திறந்தால் பாட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கவ்வியபடி ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. பழி பெரும்பாலும் அதன் மேல்தான் விழும்.

பாட்டரிக்குள் போவதையும் வெளியே வருவதையும் எழுதிவைக்கும் கணக்குப்பிள்ளை அது. உள்ளே மாங்கனின் என்ற உலோகக் கலவையில் ஒரு பட்டை. சூடானாலும் மின்தடை ஏறக்குறைய மாறாத இக்கலவையை எட்வர்ட் வெஸ்டன் 1892-இல் உருவாக்கினார். பட்டையின் தடை சுமார் 0.1 மில்லி ஓம். 100 ஆம்பியர் பாய்ந்தால் அதன் இரு முனைகளுக்கிடையே 10 மில்லிவோல்ட் தோன்றும். ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியரையும், நிறுத்திய வண்டி உறிஞ்சும் சில மில்லி ஆம்பியரையும் இந்த ஒரே பட்டை அளக்கிறது. கூடவே வோல்டேஜையும் வெப்பத்தையும் பெட்டி கவனிக்கிறது.

பாட்டரி பலவீனம் என்று இந்தக் கணக்கு சொன்னால் கார் அணைவதை நிறுத்திவிடும். அதனால் முதலில் பெட்டியை அல்ல, பாட்டரியைச் சந்தேகியுங்கள். சென்னை வெயிலும் எஞ்சின் சூடும் ஈய பாட்டரியைச் சீக்கிரம் கொல்லும். குட்டிப் பயணங்களில் அது முழுதாகச் சார்ஜும் ஆகாது. இரவு முழுக்க நின்ற வண்டியில், ரிச்சி தெருவில் வாங்கிய சாதாரண மல்ட்டிமீட்டர் 12.6 வோல்ட் காட்டினால் சார்ஜ் சரி. 12-ஐ ஒட்டினால் பாட்டரி ஏறக்குறைய காலி. வெள்ளத்தில் நின்ற வண்டியா? இணைப்பு ஊசிகளில் பச்சை பூத்திருக்கும், அதையும் பாருங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் அந்தப் பெட்டிதான் போய்விட்டதென்றால், மாற்றுவது எளிது. ஜி.பி. ரோட்டில் கேட்கும்போது பழையதன் பாக எண்ணைக் காட்டுங்கள். உருவம் ஒத்திருந்தால் போதாது. சாவியை எடுத்துச் சற்றுப் பொறுத்து, சின்ன இணைப்பைக் கழற்றி, ஸ்பேனரால் நட்டைத் தளர்த்துங்கள். வரவில்லையென்று ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பினால் பெட்டியின் உட்பகுதி பழுதாகலாம். புதியதைச் சுத்தியலால் தட்டி இறக்கினாலும் அதே கதி. மாட்டியபின் வண்டியைப் பூட்டிச் சில மணி நேரம் சும்மா விட வேண்டும். அமைதியில்தான் அது பாட்டரியின் நிலையைக் கற்றுக்கொள்கிறது. சில ஐரோப்பியக் கார்களுக்கு ஸ்கேனரால் பதிவும் தேவை. அது வீட்டு வேலையல்ல.

பிறகு சார்ஜர் போடும்போது மைனஸ் கிளிப்பைப் பாட்டரி முனையில் மாட்டாமல், காரின் எர்த் புள்ளியில் மாட்டுங்கள். முனையிலேயே மாட்டினால் மின்சாரம் பட்டையைக் கடக்காமல் உள்ளே போய்விடும்; ஏறிய சார்ஜ் கணக்கில் வராது.