கேட்கத் தெரிந்தவரே வழிகாட்டி

சாரல் காலத்தில் குற்றாலம் வருகிறவர்கள் மெயினருவி, ஐந்தருவி என்று குளித்துவிட்டு, துண்டு காய்வதற்குள் ஊர் திரும்பிவிடுகிறார்கள். ஊருக்குள்ளேயே மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. சுவரெல்லாம் ஓவியமாகச் சித்திரசபை இருக்கிறது. நின்று பார்க்க வைக்க ஓர் ஆள் வேண்டும்.

அந்த வேலைக்கு ஆள் வைக்கும் வழக்கத்தை பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் 1907இல் தொடங்கியது. சிங்கப்பூரில் 1978 முதல் 'அருங்காட்சியக நண்பர்கள்' அமைப்பு இதற்குத் தன்னார்வலர்களைப் பழக்கிவருகிறது.

பயிற்சியில் என்ன?

முதல் பாடம், குறைத்துக்கொள்வது. ஐம்பது பொருளை ஓட்டமாகக் காட்டுவதைவிட ஆறு பொருள் முன்னால் நிதானமாக நிற்பது மேல். காட்டும் பொருளை மறைக்காமல் ஓரமாக நின்று, வந்தவர்கள் முகம் பார்த்துப் பேச வேண்டும்.

இரண்டாவது, கேட்பது. சித்திரசபையை எடுத்துக்கொள்வோம். நடராசரின் ஐந்து சபைகளில் இங்கேதான் அவர் ஓவியமாக இருக்கிறார். அதை உடனே சொல்லிவிடக் கூடாது. "இந்தச் சுவர்ல என்ன நடக்குது?", "எதைப் பார்த்து அப்படிச் சொல்றீங்க?", "வேற என்ன தெரியுது?" இந்த மூன்று கேள்விகள்தான் கருவி. அமெரிக்காவில் அபிகெய்ல் ஹவுசனும் பிலிப் யெனவைனும் வகுத்த முறை இது. கேட்டபின் மனசுக்குள் பத்து எண்ணும்வரை வாய் திறக்கக் கூடாது. புதியவர்களுக்கு இதுதான் கஷ்டம்.

மூன்றாவது, "தெரியலை, பார்த்துச் சொல்றேன்" என்று கூசாமல் சொல்வது. கதை கட்டினால், அந்தக் கதைதான் ஊர் ஊராகப் போகும். நான்காவது, ஓவியத்தில் கை படாமல் பார்த்துக்கொள்வது. விரல் பிசுக்கு வண்ணத்துக்குப் பகை.

இப்படி நின்று பார்க்க வைப்பது குற்றாலத்துக்குப் புதிதும் அல்ல. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் வரும் குறத்தி தன் மலையைச் சொல்லும்போது பட்டியலா போடுகிறாள்? குரங்கும் அருவியும் கண்முன் வந்து நிற்கின்றன.

தென்காசியில் ஒரு பாடம்

பக்கத்துத் தென்காசியில் காசி விசுவநாதர் கோயிலை 15ஆம் நூற்றாண்டில் எழுப்பிய பராக்கிரம பாண்டியன், பின்னாளில் இதற்குக் குறை வந்தால் சரிசெய்து காப்பவர்களை இப்போதே விழுந்து வணங்குவதாகக் கல்வெட்டில் பாடி வைத்தான். பழைய கோபுரம் சிதைந்து வெகுகாலம் மொட்டையாக நின்றது. ஒன்பது நிலைக் கோபுரம் எழுந்து குடமுழுக்கு கண்டது 1990இல்.

பழகிய தன்னார்வலர் இவ்வளவையும் ஒப்பிக்க மாட்டார். கல்வெட்டின் பொருளை மட்டும் சொல்லி, "ராஜா யாரைக் கும்பிட்டிருக்கார்?" என்று கேட்டுவிட்டு ஒதுங்குவார். பத்து எண்ணுவதற்குள் யாராவது ஒருவர் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிடுவார்.