மொழியிலிருந்து சமன்பாட்டுக்கு

2க + 3 = 15 என்று எழுதிக் காட்டினால், பத்தாம் வகுப்பு மாணவர் எவரும் க = 6 என்று உடனே சொல்லிவிடுவார். அதே கணக்கில் ஒரு தாயும் மகளும், ஒரு பள்ளிக்கூடம், ஒரு கடை, சில பழங்கள் என்று ஆட்களும் பொருள்களும் வந்து சேர்ந்துவிட்டால், பேனா தயங்கி நின்றுவிடுகிறது. இரண்டுக்கும் தேவையான கணிதம் ஒன்றுதான். அப்படியானால் இடர்ப்பாடு எங்கே இருக்கிறது?

சமன்பாட்டைத் தீர்ப்பதில் அன்று. அதை அமைப்பதில்தான் இருக்கிறது. வாக்கியக் கணக்கு என்பது ஒரு மொழிபெயர்ப்பு வேலை. தமிழில் சொன்னதைக் குறியீடுகளின் மொழியில் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பும்போது பொருள் மாறிவிட்டால், பிறகு எவ்வளவு ஒழுங்காகக் கணக்கிட்டாலும் பயனில்லை.

போட்டித் தேர்வு எழுதுவோருக்கு இது சிறிய செய்தியல்ல. 2024 ஜூன் மாதம் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்திய குரூப்-4 தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரத்தில் 200 வினாக்கள். அவற்றுள் 25 கணிதத் திறனறி வினாக்கள். வகுத்துப் பார்த்தால் ஒரு வினாவுக்கு 54 விநாடிகளே கிடைக்கின்றன. பலர் ஒரே மதிப்பெண்ணில் நெருக்கியடித்து நிற்கும் தேர்வில், தெரிந்த கணக்கைத் தவறவிடுவது பேரிழப்பு.

ஆறு மடங்கு மாணவர்கள்

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் கிளமென்ட் என்பவரும் அவருடைய தோழர்களும் செய்த ஓர் ஆய்வு 1981-இல் வெளியாயிற்று. பொறியியல் முதலாண்டு மாணவர்களிடம் அவர்கள் கேட்ட வினா மிக எளியது: “இப்பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களைப் போல் ஆறு மடங்கு மாணவர்கள் உள்ளனர். மாணவர்களின் எண்ணிக்கையை ம என்றும், பேராசிரியர்களின் எண்ணிக்கையை ப என்றும் கொண்டு இதைச் சமன்பாடாக எழுதுக.” (எழுத்துகளை மட்டும் தமிழில் மாற்றியிருக்கிறோம்.)

மேலே படிக்குமுன் நீங்களும் எழுதிப் பாருங்கள்.

அந்த மாணவர்களில் நூற்றுக்கு 37 பேர் தவறாக எழுதினார்கள். தவறியவர்களில் பெரும்பாலோர் எழுதியது ஒன்றேதான்: 6ம = ப.

இது சரியா என்று பார்ப்போம். பேராசிரியர் 10 பேர் என்றால் மாணவர் 60 பேர். 6ம என்பது 6 × 60, அதாவது 360. அது 10-க்குச் சமமாகுமா? ஆகாது. சரியான சமன்பாடு ம = 6ப.

ஏன் இப்படித் தலைகீழாகிறது? இரண்டு காரணங்களைச் சொல்லலாம். “ஆறு மடங்கு மாணவர்கள்” என்று சொற்கள் அடுத்தடுத்து வருவதால், கையும் 6-ஐ அடுத்து ம-வை எழுதிவிடுகிறது. இது ஒன்று. மற்றொன்று ஆழமானது. ம என்ற எழுத்தைப் பலர் “மாணவர்” என்பதன் சுருக்கமாகப் படிக்கிறார்கள். ஆறு மாணவர்கள் ஒரு பக்கம், ஒரு பேராசிரியர் மறுபக்கம் என்று மனத்தில் ஒரு படம் தோன்றுகிறது. அந்தப் படத்தை அப்படியே எழுதினால் 6ம = ப என்றுதான் வரும்.

இப்படிப் படிக்க நமக்குப் பழக்கமும் இருக்கிறது. 1 மீ = 100 செ.மீ. என்று எழுதும்போது, மீ என்பது மீட்டர் என்ற அலகின் பெயர்ச் சுருக்கம்; எண்ணன்று. ஆனால் ஒரு துணியின் நீளம் ம மீட்டர் என்றும், அதுவே ச சென்டிமீட்டர் என்றும் கொண்டால், ச = 100ம என்றே எழுத வேண்டும். துணி 2 மீட்டர் என்றால் ச = 200. அளவையில் எழுத்து ஒரு பெயர். இயற்கணிதத்தில் எழுத்து ஓர் எண். இந்த வேறுபாட்டை மறவாதிருந்தால் பாதிக் கணக்கு முடிந்தது.

எனவே, “ம = மாணவர்” என்று எழுதாதீர்கள்; “ம = மாணவர்களின் எண்ணிக்கை” என்று எழுதுங்கள். “க = மகள்” வேண்டாம்; “க = மகளின் இன்றைய வயது, ஆண்டுகளில்” என்று எழுதுங்கள். இதற்கு நான்கைந்து விநாடிகள் செலவாகும், அவை வீணாகா.

தவறான விடையும் அச்சில் இருக்கும்

கொள்குறி வகைத் தேர்வில், சமன்பாடு தவறினாலும் விடை கிடைத்துவிடும் என்பதுதான் ஆபத்து. இந்த வினாவைப் பாருங்கள்: “ஒரு கல்லூரியில் ஆசிரியர்களைப் போல் 6 மடங்கு மாணவர்கள். இரு சாராரும் சேர்ந்து 84 பேர். ஆசிரியர் எத்தனை பேர்? (அ) 12 (ஆ) 14 (இ) 60 (ஈ) 72.”

சரியான விடை 12. ஆனால் மற்றவையும் கண்மூடித்தனமாக வைக்கப்பட்டவை அல்ல. 84-ஐ அவசரத்தில் 6-ஆல் வகுப்பவருக்கு 14 வரும். இரு சாராருக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டவருக்கு 60 வரும். 6ம = ப என்று எழுதியவருக்கு 72 வரும். ஒவ்வொரு தவறும் தனக்கென ஒரு விடை காத்திருப்பதைக் காணும். “என் விடை பட்டியலில் இருக்கிறது, ஆகவே சரி” என்று எண்ணிவிடக்கூடாது.

உருபுகளைக் கவனியுங்கள்

தமிழில் எழுதிய கணக்கைத் திருப்பும்போது, இலக்கண வகுப்பில் படித்த வேற்றுமை உருபுகள் நமக்கு உதவிக்கு வருகின்றன. “20-ஐ 5-ஆல் வகு” என்றால் 4. “20-ஆல் 5-ஐ வகு” என்றால் கால். எண்கள் மாறவில்லை, இருந்த இடமும் மாறவில்லை, உருபுகள் மட்டுமே இடம் மாறின. “ஓர் எண்ணிலிருந்து 7-ஐக் கழிக்க” என்பது க – 7. “7-இலிருந்து ஓர் எண்ணைக் கழிக்க” என்பது 7 – க.

இன்னும் நுட்பமான இடம் ஒன்று உண்டு. “ஓர் எண்ணின் மூன்று மடங்கைவிட 4 குறைவு” என்பது 3க – 4. “ஓர் எண்ணைவிட 4 குறைவான எண்ணின் மூன்று மடங்கு” என்பது 3(க – 4). எண் 10 என்றால் முன்னது 26, பின்னது 18. எது முதலில் நடக்கிறது, கழித்தலா பெருக்கலா என்று கேளுங்கள். அடைப்புக்குறி வேண்டுமா என்பதை அந்தக் கேள்வியே முடிவு செய்யும்.

வயதுக் கணக்கு

“இன்று தாயின் வயது மகளின் வயதைப் போல் 4 மடங்கு. 5 ஆண்டுகளுக்குப் பின் அது 3 மடங்காகும். தாயின் இன்றைய வயது என்ன?”

இதற்கு ஒரு சிறு கட்டம் போட்டுக்கொள்வது நல்லது. இன்று மகள் க, தாய் 4க. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் மகள் க + 5, தாய் 4க + 5. இனிச் சமன்பாடு தானே அமையும்: 4க + 5 = 3(க + 5). ஆகவே க = 10.

மகளுக்கு வயதேற்ற மறந்தால் 4க + 5 = 3க என்று வரும்; க = –5. மகள் பிறக்கவே இன்னும் ஐந்தாண்டு இருக்கிறது! அடைப்புக்குறியை மறந்தால் 4க + 5 = 3க + 5; க = 0. தாயும் மகளும் இன்றுதான் பிறந்திருக்கிறார்கள்! இத்தகைய விபரீத விடை வந்தால் மகிழ்ச்சி அடையுங்கள். தவறு தன்னையே காட்டிக் கொடுத்துவிட்டது.

10 என்று கண்டதும் எழுந்துவிடாதீர்கள். அது மகளின் வயது. கேட்டது தாயின் வயது: 40.

எங்கே சரிபார்ப்பது?

ஹங்கேரியில் பிறந்த கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா 1945-இல் வெளியிட்ட நூலில், கணக்குத் தீர்ப்பதை நான்கு படிகளாகப் பிரித்தார்: கணக்கைப் புரிந்துகொள்ளல், திட்டமிடல், திட்டத்தை நிறைவேற்றல், திரும்பிப் பார்த்தல். பலரும் கைவிடுவது நான்காம் படியை. சிலர் திரும்பிப் பார்த்தாலும் தவறான இடத்தில் பார்க்கிறார்கள்.

கல்லூரிக் கணக்கில் 6ம = ப என்று எழுதியவர் ம = 12, ப = 72 என்று கண்டு, தம் சமன்பாட்டில் இட்டுப் பார்த்தால் 6 × 12 = 72; கூட்டினால் 84. இரண்டும் பொருந்திவிடும்! சமன்பாடே பிழையானபோது, அதில் இட்டுப் பார்த்து என்ன பயன்? விடையை வினாவின் வாக்கியத்தில் இட்டுப் படிக்க வேண்டும்: “12 மாணவர்களுக்கு 72 ஆசிரியர்கள், ஆசிரியர்களைப் போல் ஆறு மடங்கு மாணவர்கள்.” படித்த உடனே பொய் வெளிப்பட்டுவிடும். 54 விநாடிகளில் ஐந்து விநாடியை இதற்கென ஒதுக்கி வையுங்கள்.

ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பில் உள்ள ‘அல்-ஜபர்’ என்னும் சொல்லிலிருந்தே இயற்கணிதத்துக்கு ‘அல்ஜீப்ரா’ என்ற பெயர் வந்தது. அந்நூலில் இன்றைய குறியீடுகள் இல்லை, எல்லாம் வாக்கியங்களே. நாம் இன்று எழுதும் சமக்குறியை 1557-இல்தான் ராபர்ட் ரெக்கார்டு அச்சில் வெளியிட்டார். வாக்கியம் மூத்தது, குறியீடு அதன் சுருக்கம். சுருக்கத்தில் ஐயம் எழும்போதெல்லாம் மூலத்திற்குத் திரும்பிச் செல்வதே முறை.

இறுதியாக உங்களுக்கு ஒரு கணக்கு. ஒரு பண்ணையில் ஒவ்வொரு 4 பசுக்களுக்கும் 5 ஆடுகள் வீதம் உள்ளன. இரண்டும் சேர்ந்து 72. பசுக்களின் எண்ணிக்கையை ப என்றும் ஆடுகளின் எண்ணிக்கையை ஆ என்றும் கொண்டு சமன்பாடு அமைத்து, ஆடுகள் எத்தனை என்று காண்க. 4ப = 5ஆ என்று எழுதக் கை துடிக்கும்; அப்படி எழுதினால் ஆடு 32, பசு 40 என்று வரும். வாக்கியத்தில் இட்டுப் படியுங்கள்: எது அதிகம் இருக்க வேண்டும், ஆடா பசுவா?

(விடை: 5ப = 4ஆ; ஆடுகள் 40, பசுக்கள் 32.)