பல் சிகிச்சைக்குப் பின் வந்த சுகமும் கேட்டு வாங்காத சீட்டும்

முடக்குவாதத்தால் வருஷக்கணக்காக விரல் மடக்க முடியாமல், காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரம் கைகால் விறைப்போடு போராடிப் பழகிய ஒருவர், புதைந்து கிடந்த ஞானப்பல்லையோ சீழ் வைத்த கடைவாய்ப் பல்லையோ அறுவைச் சிகிச்சையில் எடுத்துக்கொண்ட மறுநாள், தாடை வீங்கியிருந்தும் மூட்டுகள் மட்டும் இலேசாகி, வெகு நாளைக்குப் பிறகு தாமே தலை வாரித் தாமே குடம் தூக்குவாரேயானால், அந்த வீட்டில் உண்டாகிற ஆனந்தத்தை யாரும் குறை கூற முடியாது. அந்த ஆனந்தத்தின் வேகத்தில் அவர்கள் செய்துகொள்ளும் தீர்மானங்களைத்தான் நான் திரும்பத் திரும்பக் கண்டு வருந்துகிறேன். ஒருவர் வாராவாரம் விழுங்கி வந்த மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை நிறுத்திவிடுகிறார். மற்றொருவர், விஷமெல்லாம் பல்லில்தான் இருந்தது என்று நிச்சயித்து, ஆடாத பற்களையும் பிடுங்கிக்கொள்ளப் புறப்படுகிறார். மூன்றாமவர் பல் டாக்டர் கொடுத்த சின்ன மாத்திரையின் காலி அட்டையை மருந்துக்கடையில் நீட்டி, சீட்டே இல்லாமல் மாதக்கணக்கில் வாங்கித் தின்கிறார். இம்மூவரும் மறுபடி மூட்டு வைத்தியரிடம் வரும்போது, அவர்களுக்கு அன்று என்ன மருந்து செலுத்தப்பட்டது என்பதைச் சொல்ல ஒரு துண்டுக் காகிதம்கூட அவர்கள் கையில் இருப்பதில்லை.

வந்த சுகம் பொய்யன்று. அதற்குக் கற்பிக்கும் காரணமே பெரும்பாலும் பிழையாகிறது. ஞானப்பல் அறுவையில் முகம் அதிகமாக வீங்காதிருக்க டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டை ஊசியாகவோ மாத்திரையாகவோ கொடுக்கும் பழக்கம் பல் வைத்தியத்தில் பரவலாக உண்டு. தாடையின் வீக்கத்துக்காகச் செலுத்திய அந்த மருந்து தாடையோடு நின்றுவிடாமல் உடம்பு முழுவதும் பரவி, இரண்டு மூன்று நாள் எல்லா மூட்டுகளின் அழற்சியையும் அடக்கி வைக்கிறது. அதோடு சேர்த்து ஐந்து நாளைக்கு எழுதித் தரும் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளும் மூட்டுவலிக்கு மருந்துகளே. 1948 இல் அமெரிக்காவிலுள்ள மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச் முடக்குவாத நோயாளிக்குக் கார்ட்டிசோன் என்னும் ஸ்டீராய்டைச் செலுத்தியபோது, நடக்கமாட்டாதிருந்தவர் சில நாளில் நடந்ததைக் கண்டு உலகம் வியந்தது. 1950 இல் நோபல் பரிசும் அவருக்குப் பங்காகக் கிடைத்தது. எலும்பு நலிவு, சர்க்கரை, கிருமித் தொற்று என்று அந்த மருந்தை நெடுநாள் உட்கொண்டவர்கள் கொடுத்த விலை பிற்பாடுதான் தெரிய வந்தது.

வாயிலுள்ள நோய்க்கும் மூட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற ஈறுக் கிருமி நம் உடம்பின் புரதங்களை உருமாற்றுகிறது என்பதும், முடக்குவாதக்காரர் பலருடைய ரத்தத்தில் காணப்படும் எதிர்ப்பொருள்கள் அவ்வாறு உருமாறிய புரதங்களையே குறிவைப்பவை என்பதும் ஆராய்ச்சியில் வெளிப்பட்டவை. ஆகையால் சீழை நீக்குவதும் ஈறு நோய்க்கு முறையாக வைத்தியம் செய்வதும் அவசியமே. அதனால் மூட்டிலும் ஓரளவு தணிவு கிடைக்கக்கூடும். நல்ல பற்களைப் பிடுங்குவது முற்றிலும் வேறு காரியம். 1912 இல் சிகாகோ நகரத்து வைத்தியர் ஃபிராங்க் பில்லிங்ஸ் எழுதியதைப் பின்பற்றி, மூட்டுநோய்க்காக அங்கே கணக்கற்ற பற்களைப் பிடுங்கித் தள்ளினார்கள்; 1938 இல் சிசில், ஆஞ்சவைன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 200 முடக்குவாத நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து, அதனால் பிரயோஜனமில்லை என்று எழுதிய பிறகே அந்த மோகம் தணியத் தொடங்கியது. அங்கே கைவிட்ட தவற்றை இங்கே ஏன் புதிதாகத் தொடங்க வேண்டும்?

வலி இல்லாத நாட்களிலும் மூட்டின் உள்ளே அழற்சி எலும்பை அரித்துக்கொண்டிருக்கக்கூடும். அரித்த எலும்பு மீண்டும் பழையபடி ஆவதில்லை. ஆகவே மெத்தோட்ரெக்சேட்டையோ வேறு வாத மருந்தையோ நீங்களாக நிறுத்தாதீர்கள். பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டை நெடுநாள் சாப்பிடுகிறவர் அதைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே அபாயம் நேரலாம்.

இனிச் செய்ய வேண்டிய காரியத்தைச் சொல்கிறேன். பல் எடுத்த அன்றே, கன்னத்தில் பஞ்சை அடக்கிக்கொண்டு வெளியே வரும் முன்பே, கூடப் போனவர் ஒரு சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். எந்தப் பல், என்ன சிகிச்சை, மரப்பு ஊசி எது, வேறு ஊசி போட்டிருந்தால் அதன் பெயரும் மில்லிகிராம் அளவும் எத்தனை முறை என்பதும், மாத்திரைகளின் பெயரும் நாட்களும் அதில் இருக்க வேண்டும். "வீக்கத்துக்கு ஒரு ஊசி" என்று வாயால் சொல்வது போதாது. அந்த ஒரு வரியைத்தான் மூட்டு வைத்தியர் தேடுவார். பெயர் தெரியாத மாத்திரைகளைக் காகித உறையில் போட்டுக் கொடுத்தால் வாங்காதீர்கள். மருந்துக்கடையில் தொகுப்பு எண் போட்ட பில்லைக் கேளுங்கள். பில் தர மறுப்பது 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக முறையாகும். இது மருந்துக்கடைக்கும் பொருந்தும், கட்டணம் வாங்கும் பல் கிளினிக்குக்கும் பொருந்தும். இந்தச் சீட்டையும் பழைய வாத மருந்துச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு, சுகம் வந்த அந்த வாரத்திலேயே மூட்டு வைத்தியரிடம் போய்விட வேண்டும். ஸ்டீராய்டின் வேகம் அடங்கிய பிறகு அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனைகளை எப்போது செய்வது, மருந்தைக் குறைக்கலாமா என்பதையெல்லாம் தீர்மானிக்கும் பொறுப்பு அவருடையது. தனியாரிடம் செலவழிக்க வசதியற்றவர்களுக்குச் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் மூட்டுவாதவியலுக்கென்றே தனித் துறை இருக்கிறது.

சீட்டுத் தர மறுக்கிறார்களா? வாக்குவாதம் செய்து களைத்துப்போகாமல், தேதியிட்டுக் கடிதம் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். பல் டாக்டர் அல்லாத மருத்துவர்களானால், அவர்களுக்கான 2002 ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, நோயாளி கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுத்தாக வேண்டும். பல் டாக்டரைப் பற்றிய புகாரை, சீட்டிலோ பலகையிலோ உள்ள பதிவு எண்ணைக் குறிப்பிட்டு, மாநிலப் பல் மருத்துவ கவுன்சிலுக்கு அனுப்பலாம். கிளினிக்கைப் பற்றியதை மாவட்ட மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநரிடம் கொடுக்கலாம். அரசு மருத்துவமனையானால், பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுச் செய்தால், 30 நாளில் பதில் வர வேண்டும். ஜன்னலில் இருப்பவர் "நாளைக்கு வா" என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பார்! எழுதிக் கொடுத்த மனுவை அப்படித் திருப்பி அனுப்ப அவருக்கு அதிகாரம் இல்லை. நஷ்டம் நேர்ந்திருந்தால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணமில்லை. எல்லாருக்கும் இலவசமாகவே வைத்தியம் செய்யும் மருத்துவமனைகள்மீது மட்டும் இந்த வழி செல்லாது.

மருந்தால் தீங்கு நேர்ந்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். சீட்டில்லாமல் ஸ்டீராய்டு விற்கும் கடையைப் பற்றியும், வாதத்தை அறவே போக்கும் மருந்தென்று விளம்பரம் செய்கிறவரைப் பற்றியும் மருந்து ஆய்வாளருக்கு எழுதுங்கள்; அத்தகைய விளம்பரம் 1954 ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்டது.

பல் எடுக்கப் போகிறவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டியவையும் உண்டு. எலும்பு பலத்துக்காக ஜோலெட்ரோனிக் அமில ஊசியோ, அலெண்ட்ரோனேட் மாத்திரையோ எடுத்துக்கொள்கிறவருக்குப் பல் பிடுங்கிய இடம் ஆறாமல் தாடை எலும்பு கெடும் ஆபத்து உண்டு. நாட்பட்ட முடக்குவாதத்தில் கழுத்தின் மேல் எலும்புகள் தளர்ந்திருக்கலாம். நாற்காலியில் தலையை வெகுவாகப் பின்னுக்குச் சாய்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு நாள் மாத்திரம் சாப்பிடும் மருந்து. தினம் சாப்பிட்டுவிட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. அதோடு கோட்ரைமாக்சசோல் என்னும் கிருமிக்கொல்லி சேர்ந்தால் ரத்த அணுக்கள் வெகுவாகக் குறைந்துவிடக்கூடும். இவ்வளவு சொல்லியும் ஒருவராவது வலி நின்றதென்று மாத்திரையை நிறுத்துவார் என்று அஞ்சுகிறேன்; ஆகையால் மறுபடியும் சொல்கிறேன், நிறுத்தாதீர்கள்.

பல் எடுத்துப் பல நாளாகி, சீட்டும் இல்லை, கிளினிக்கையும் மூடிவிட்டார்கள் என்றால், மிஞ்சிய மாத்திரைகளையும் காலி அட்டைகளையும் குப்பையில் போடாமல் வைத்தியரிடம் எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரரிடம் அன்றைய பில்லின் நகல் இருக்கக்கூடும், தேதியைச் சொல்லிக் கேளுங்கள்.